படகுக்கு பிரேக் இல்லை

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முன்னால் போகும் ஓட்டோவுக்கும் பின்னால் வரும் பஸ்ஸின் மூக்குக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது. ஆனாலும் இடிக்காது. சாரதி காலை அழுத்துவார், பஸ் நிற்கும். அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் எல்லாரும் வீதியைக் கடக்கிறோம்.

இதே பழக்கத்தோடு ஒரு ஞாயிறு பின்னேரம் குடும்பமாகப் பொல்கொட ஏரிக்குப் போனோம். கொழும்பிலிருந்து தெற்கே, மொறட்டுவை தாண்டி, பிலியந்தலைக்கும் பாணந்துறைக்கும் இடையில் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பு அது. வடக்கே ஒரு ஏரி, தெற்கே ஒரு ஏரி, நடுவில் இரண்டையும் இணைக்கும் ஆறு. விடுமுறை நாட்களில் பாய்ப்படகு, வேகப்படகு, வாடகைப் படகு, மீன்பிடித் தோணி எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். எங்களை ஏற்றிச் சென்ற படகோட்டி மன்னார்ப் பக்கத்தவர். அகலம் குறைந்த இடம் வந்ததும் படகை வலப்பக்கக் கரையோடு ஒட்டி எடுத்தார். ஒரு வளைவைத் திரும்பினால், அதே கரையோரமாக எங்களுக்கு நேர் எதிரே இன்னொரு படகு. நாலு இளைஞர்கள், தாங்களே ஓட்டுகிறார்கள். வீதியில் போவதுபோலத் தங்களுக்கு இடப்பக்கம் பிடித்து வருகிறார்கள். அவர்களின் இடப்பக்கம்தான் எங்களின் வலப்பக்கம்.

எங்கள் படகோட்டி ஐந்து தரம் விட்டுவிட்டு ஹோர்ன் அடித்தார். அவர்கள் பதறிப்போய் எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். படகு நிற்கவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் நின்றது. படகு வழுக்கிக்கொண்டே வந்தது. சுக்கானைத் திருப்பினார்கள், அதுவும் கேட்கவில்லை. எங்கள் ஆள் மூக்கைக் கண்டல் மரங்களுக்குள் செருகி வழிவிட்டார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவர்கள் கடந்து போனார்கள்.

"ரோட்டில இடது, தண்ணியில வலது தம்பி. அவங்களுக்கு அது தெரியேல்ல, சரி. பயந்து எஞ்சினை நிப்பாட்டினாங்க பாருங்க, அதுதான் பெரிய பிழை. படகுக்கு பிரேக் எங்க இருக்கு?" என்றார்.

அன்றிலிருந்து ஆற்றுப் போக்குவரத்து விதிகளை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் நினைவுக்கு வரும். விதிகள் பல. ஆனால் அவற்றில் முக்கால்வாசியும் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நிற்காத ஒன்றை ஓட்டுவது

காரின் சில்லு தரையைக் கவ்வுகிறது. படகுக்குக் கவ்வ ஒன்றுமில்லை. எஞ்சினைக் குறைத்தால் தண்ணீரின் உராய்வில் மெல்ல மெல்ல வேகம் குறையும், அவ்வளவுதான். அவசரத்துக்குப் பின்னோக்கி இயக்கலாம். ஆனால் அப்போது படகு நேராக நிற்காது, பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

இதைவிட முக்கியமானது சுக்கான். பின்னால் மாட்டியிருக்கும் அவுட்போர்ட் எஞ்சின் தண்ணீரைத் தள்ளும் திசையை மாற்றித்தான் படகைத் திருப்புகிறது. தள்ளல் இல்லையென்றால் திருப்பமும் அநேகமாக இல்லை. ஆகவே பயந்து எஞ்சினை முழுதாக நிறுத்துபவர், இருந்த ஒரே பிடியையும் கைவிடுகிறார். வேகத்தைக் குறையுங்கள், ஆனால் கொஞ்சம் உந்தலை வைத்துக்கொண்டே திரும்புங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு படகுகள் மணிக்கு 15 கிலோமீற்றர் வீதம் எதிரெதிரே வருகின்றன. சைக்கிள் வேகம்தான். ஆனால் இரண்டும் சேர்ந்தால் 30. அதாவது ஒரு செக்கனுக்கு எட்டு மீற்றருக்கும் மேல். நூறு மீற்றர் இடைவெளி 12 செக்கனில் தீர்ந்துவிடும். வளைவுக்கு அப்பால் இருப்பது தெரியாத இடத்தில் இந்த 12 செக்கனும் கிடைக்காது. "பாதுகாப்பான வேகம்" என்று சர்வதேச விதி சொல்வது ஒரு குறிப்பிட்ட இலக்கத்தை அல்ல. இடித்துக்கொள்ளாமல் தவிர்க்கவும், அப்போதைய சூழ்நிலைக்கு ஏற்ற தூரத்துக்குள் நிற்கவும் முடிகிற வேகம் எதுவோ, அதுதான்.

இன்னொரு விசயம், படகு திரும்பும் விதம். வண்டியை முன்சில்லால் திருப்புகிறோம்; படகைப் பின்பக்கத்தால் திருப்புகிறோம். மூக்கு இடப்பக்கம் போகும்போது வால் வலப்பக்கம் வீசும். படகுத்துறையிலிருந்து புறப்படும்போது புதியவர்கள் சுக்கானை வெளிப்பக்கமாக ஒடித்து வேகம் கொடுப்பார்கள், வால் போய்த் துறைக் கட்டையில் மோதும். எங்கள் மச்சான் ஒருவர் முதல் நாளே இந்தச் சத்தத்தைக் கேட்டார். படகுக்காரர் கேட்ட காசையும் கொடுத்தார்.

இதே காரணத்தால்தான், தண்ணீரில் ஒருவர் விழுந்தால் எஞ்சினை உடனே நியூட்ரலுக்கு எடுக்கச் சொல்கிறார்கள். அதற்குள் திருப்ப வேண்டிவந்தால், அவர் விழுந்த பக்கமாகவே சுக்கானைத் திருப்ப வேண்டும். கேட்க முரணாக இருக்கும். ஆனால் மூக்கு அந்தப் பக்கம் போனால் வால் மறுபக்கம் விலகும். தண்ணீரைத் தள்ளும் எஞ்சின் விசிறி வாலில் இருக்கிறது.

வலம் பிடி

கடலில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. 1972 இல் எழுதப்பட்டு 1977 இல் நடைமுறைக்கு வந்தது. கடலோடு தொடர்புள்ள, கடற்கலங்கள் போகக்கூடிய நீர்வழிகளுக்கும் அது பொருந்தும். உள்நாட்டு ஆறுகளுக்கு அந்தந்த நாடு தனி விதி வைக்கலாம். ஆனால் அடிப்படை ஒன்றுதான்: ஒடுங்கிய நீர்வழியில் உனக்கு வலப்பக்கக் கரையை, பாதுகாப்பான அளவுக்கு, ஒட்டிப் போ. எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்புங்கள். அப்போது இடது தோளும் இடது தோளும் பார்க்கக் கடப்பீர்கள்.

இலங்கையிலும் இந்தியாவிலும் பிறந்தவர்களுக்கு இதுதான் சிக்கல். கை தானாக இடப்பக்கம் இழுக்கும். பதற்றம் வந்தால் இன்னும் அதிகமாக இழுக்கும். எனவே நாற்பது மீற்றரில் முடிவெடுக்காமல் தூரத்திலேயே, மற்றவருக்குக் கண்ணால் விளங்கும்படி, பெரிதாக ஒரு திருப்பம் கொடுங்கள். ஐந்து ஐந்து பாகையாக நெளித்து நெளித்துப் போனால் எதிரே வருபவருக்கு உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

முந்திச் செல்பவர்தான் விலக வேண்டும். எந்தப் படகாக இருந்தாலும் சரி. முழுதாகக் கடந்து, தூரம் விட்டபின்தான் அவர் பொறுப்பு முடிகிறது. குறுக்கே வரும் இரண்டு மோட்டார் படகுகளில், மற்றவரைத் தன் வலப்பக்கத்தில் காண்பவர் வழிவிட வேண்டும். மோட்டார் படகு பாய்ப்படகுக்கு விலக வேண்டும். வலை போட்டுக்கொண்டிருக்கும் மீன்பிடிப் படகுக்கு இரண்டுமே விலக வேண்டும். ஆனால் ஒடுங்கிய ஆற்றில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆழமான நடுவழியை விட்டால் வேறு வழியில்லாத பெரிய படகு வருகிறதென்றால், 20 மீற்றருக்குக் குறைந்த சின்னப் படகும் பாய்ப்படகும் அதன் வழியை மறிக்கக்கூடாது. "நான் பாய்ப்படகு, எனக்குத்தான் முதலிடம்" என்று அங்கே நிற்க முடியாது.

இதில் "எனக்கு உரிமை" என்ற சொல்லே சரியில்லை என்பது என் எண்ணம். விதி யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. ஒருவருக்கு விலகும் கடமை, மற்றவருக்குத் திசையும் வேகமும் மாற்றாமல் போகும் கடமை. விலக வேண்டியவர் மட்டும் விலகித் தப்ப முடியாத நிலை வந்துவிட்டால், நேரே போக வேண்டியவரும் ஏதாவது செய்தே ஆக வேண்டும். காலி வீதி பஸ் சாரதிகளோடு இதைப் பேசிப் பயனில்லை, தெரியும்.

மோதப்போகிறோமா இல்லையா என்று எப்படி அறிவது? இதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. குறுக்கே வரும் படகை உங்கள் படகின் ஏதாவது ஒரு கம்பியோடோ கண்ணாடிச் சட்டத்தின் விளிம்போடோ வைத்துப் பாருங்கள். நீங்கள் இருந்த இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். சில செக்கன் கழித்து அந்தப் படகு கம்பிக்கு முன்னால் நகர்ந்திருந்தால் அது உங்களுக்கு முன்னால் கடக்கும். பின்னால் நகர்ந்திருந்தால் பின்னால் கடக்கும். கம்பியிலேயே ஒட்டிக்கொண்டு, ஆனால் பெரிதாகிக்கொண்டு வந்தால், மோதல் நிச்சயம். இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது: கண்ணாடியில் நகராத பொருளைக் கண் எளிதில் தவறவிடும். ஆபத்தில்லாத படகுகள்தான் அசைந்து அசைந்து கவனத்தை இழுக்கும்.

ஹோர்ன் பாசை சின்னது. ஒரு குறும் ஒலி: வலப்பக்கம் திரும்புகிறேன். இரண்டு: இடப்பக்கம். மூன்று: எஞ்சினைப் பின்னோக்கி இயக்குகிறேன். ஐந்து அல்லது அதற்கு மேல்: நீ என்ன செய்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் படகோட்டி அடித்த ஐந்தும் இதுதான். பார்வை மறையும் வளைவுக்கு முன் நாலு முதல் ஆறு செக்கன் நீட்டி ஒரு ஒலி. அந்தப் பக்கம் யாராவது இருந்தால் அதே நீண்ட ஒலியால் பதில் சொல்வார்.

நீரோட்டம் உள்ள ஆற்றில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஓட்டத்தோடு இறங்கி வருபவருக்கு ஏறிப்போகிறவர் வழிவிடுவது. ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழிகளிலும் அமெரிக்காவின் சில பெரிய ஆறுகளிலும் இது எழுதப்பட்ட விதியே. காரணம் மறுபடியும் பிரேக்தான். ஏறிப்போகிறவர் எஞ்சினைக் குறைத்து ஓட்டத்துக்கு எதிராக இருந்த இடத்திலேயே நிற்கலாம். இறங்கி வருபவரை ஆறு தள்ளிக்கொண்டே வரும்.

அந்தத் தள்ளலைப் பற்றி ஒரு சொல். ஒரு செக்கனுக்கு ஒரு மீற்றர் ஓடும் ஆறு கரையிலிருந்து பார்க்கச் சாதுவாகத்தான் தெரியும். அது இரண்டு படகுகளையும் ஒன்றாகவே நகர்த்துவதால், படகுக்கும் படகுக்கும் இடையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பாலத்தூண் நகராது. கட்டிப்போட்ட படகு நகராது. விழுந்து கிடக்கும் மரம் நகராது. ஆற்றில் பல விபத்துகள் நகராத பொருட்களோடுதான். ஒரு பாலத்தை நெருங்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு இழுபடுகிறோம் என்பதைப் பாலத்துக்கு அப்பால் உள்ள மரத்தோடு தூணை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அறியலாம்.

வாழையிலையும் விளக்கும்

இரவில் படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. இதை நினைவில் வைக்க ஆங்கிலத்தில் என்னென்னவோ உபாயங்கள் சொல்வார்கள். நமக்கு அது வேண்டாம். சோறு சாப்பிடும் கை வலக்கை, அது போகும் இடம் வாழையிலை, இலை பச்சை. முடிந்தது.

எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் ஒரு படகு நேரே உங்களை நோக்கி வருகிறது. குறுக்கே சிவப்பு மட்டும் தெரிந்தால் நீங்கள் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள். அது உங்களுக்கு வலப்பக்கத்தில் இருந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள். துடுப்புப் படகுக்குக் குறைந்தது ஒரு டோர்ச் லைட்டாவது கையில் தயாராக இருக்க வேண்டும். அப்புறம், படகில் இருப்பவர்கள் போன் வெளிச்சத்தை ஓட்டுபவர் முகத்தில் அடிக்காதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழகப் பல நிமிடங்கள் எடுக்கும்.

மிதவைகளுக்கும் அதே வாழையிலைதான். கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். சிவப்பு உருளை வடிவம், பச்சை கூம்பு வடிவம். இறங்கும்போது இரண்டும் இடம் மாறும். இலங்கையும் இந்தியாவும் ஐரோப்பாவும் இந்த முறையில் இருக்கின்றன. அமெரிக்காக் கண்டங்கள், ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றில் நேர் எதிர். வெளிநாட்டில் படகு ஓட்டிப் பழகிய உறவினர் விடுமுறைக்கு வந்து சுக்கானைக் கேட்டால் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நம் ஆறுகளில் மிதவை போட்டிருக்கும் இடம் குறைவு. தண்ணீரைத்தான் வாசிக்க வேண்டும். வளைவில் வெளிக்கரைப் பக்கம் ஓட்டம் வேகம், ஆழமும் அங்கேதான்; உட்கரைப் பக்கம் மணல் சேரும். வரிசையாக மிதக்கும் வெறும் பிளாஸ்டிக் போத்தல்கள் குப்பை அல்ல, கீழே வலை இருக்கிறது. நட்டாற்றில் கொக்கு நிற்கிறதா? அங்கே உங்கள் படகு போகாது. கொக்கின் கால் நீளம்தான் தண்ணீர்.

பச்சைப் பாயாக மிதந்து வரும் ஆகாயத்தாமரையைச் சிங்களத்தில் "ஜப்பன் ஜபர" என்பார்கள். பார்க்க அழகு. விசிறியில் சுற்றினால் எஞ்சின் திணறி நிற்கும். அதை இழுத்து எடுக்கப் பின்னால் குனியும் முன் எஞ்சினை முழுதாக நிறுத்தித் திறப்பையும் கழற்றுங்கள். நியூட்ரல் போதாது.

உங்கள் அலை, உங்கள் பொறுப்பு

எந்த விதியையும்விட அதிகமாக மீறப்படுவது இதுதான் என்று நினைக்கிறேன். படகு எழுப்பும் அலை.

கரையோரம் ஒரு சின்னத் தோணியில் ஒருவர் எழுந்து நின்று வலையை இழுத்துக்கொண்டிருக்கிறார். நடு ஆற்றில் ஒரு வேகப்படகு போகிறது. முப்பது மீற்றர் தள்ளித்தான் போகிறது, எதிலும் முட்டவில்லை. ஓட்டியவர் கையசைத்துவிட்டுப் போய்விடுகிறார். பத்துப் பதினைந்து செக்கன் கழித்து அலை கரைக்கு வந்து சேருகிறது. முதல் அலை தோணியைத் தூக்குகிறது. கரையில் பட்டுத் திரும்பும் அலை மறுபக்கத்திலிருந்து தூக்குகிறது. நின்றவர் உட்காருவதற்குள் கால் வழுக்கும். அதற்குள் வேகப்படகு அடுத்த வளைவைத் தாண்டியிருக்கும். தான் என்ன செய்தோம் என்பது அந்தச் சாரதிக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. வீதியில் இதற்கு இணையான ஒன்று இல்லை. மழைநாளில் பஸ் அடித்துவிட்டுப் போகும் சேற்றை வேண்டுமானால் சொல்லலாம்.

அலையின் சக்தி அதன் உயரத்தின் வர்க்கத்தோடு கூடும். உயரம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு. புதியவர்களை ஏமாற்றும் இடம் இன்னொன்று. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் அலை குறையும் என்று நினைப்போம். மிக வேகமாகப் போகும் படகு தண்ணீரின்மேல் ஏறி வழுக்கிப் போகும். மிக மெதுவாகப் போகும் படகு தண்ணீரைப் பிளந்து போகும். இரண்டுக்கும் நடுவில், மூக்கு மேலே தூக்கி வால் அமிழ்ந்து உழுதுகொண்டு போகும் அந்த வேகம்தான் ஆகப் பெரிய அலையைக் கிளப்பும். ஆகவே தோணியைக் கண்டு "மரியாதைக்கு" அரைகுறையாக வேகம் குறைப்பவர், குறைக்காமல் போனவரைவிட அதிகம் கெடுதல் செய்யக்கூடும். குறைப்பதென்றால் மூக்கு கீழே இறங்கி, பின்னால் தண்ணீர் தட்டையாகும்வரை குறைக்க வேண்டும். அதையும் தோணிக்குப் பக்கத்தில் வந்தபின் அல்ல, முன்கூட்டியே. திடீரென்று குறைத்தால் உங்கள் சொந்த அலையே பின்னாலிருந்து ஓடிவந்து உங்கள் படகின் பின்விளிம்பைத் தாண்டி உள்ளே விழும்.

கண்டல் வேர்களுக்கு அடியில் மண் கரைவதற்கும், துறையில் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று இடிபட்டு உடைவதற்கும் இதே அலைதான் காரணம். தேம்ஸ் ஆற்றில், கடலேற்றம் எட்டாத மேல்பகுதியில், வேக எல்லை மணிக்கு 8 கிலோமீற்றர். விறுவிறுவென்று நடப்பவரைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

நெருக்கடியான ஆற்றை ஒழுங்குபடுத்துவது

இலண்டனைச் சொன்னதால் அங்கேயே கொஞ்சம் நிற்போம். 1989 ஆகஸ்ட் 20 அதிகாலை, மார்ஷனெஸ் என்ற உல்லாசப் படகும் போபெல் என்ற மணல் அள்ளும் கப்பலும் தேம்ஸில் மோதின. உல்லாசப் படகில் இருந்தவர்களில் 51 பேர் இறந்தார்கள். இரண்டு கலங்களும் ஒரே திசையில், நகரத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தன. இரண்டிலும் கண்காணிப்புச் சரியாக இல்லை என்பதே விசாரணைகளில் வெளிவந்த அடிப்படைக் குறை. விதிப்புத்தகத்தில் மிக எளிய விதி அதுதான்: எப்போதும் கண்ணாலும் காதாலும் சுற்றிலும் கவனி. அந்த விபத்தின் பின்னர் எழுந்த விசாரணைகளின் விளைவாக, 2002 இல் தேம்ஸ் ஆற்றுக்கென்றே உயிர்காப்புப் படகு நிலையங்கள் திறக்கப்பட்டன.

ஒரு ஆற்றை நிர்வகிப்பது என்றால் அபராதம் எழுதுவது மட்டுமல்ல. யார் எங்கே, எந்தத் திசையில் என்று முன்கூட்டியே பிரித்து வைப்பதுதான் முக்கால் வேலை. நம்மூர் உதாரணத்துக்கு, கொழும்பு நகருக்குள் இருக்கும் பேரே வாவிக்கு வாருங்கள். கொழும்பு ரோயிங் கழகம் 1864 இல் தொடங்கியது. துடுப்பு வலித்தல் இந்த நகரத்தில் அவ்வளவு பழையது. ஒரு அதிகாலை கரையில் நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும்: துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டிக்கொண்டு இருக்கிறார். விட்டுவந்த தண்ணீர்தான் அவருக்குத் தெரியும், வரப்போவது தெரியாது. சில வலிப்புகளுக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார், மறுபடி வலிப்பார்.

கண் பின்னால் இருக்கும் இருபது பேர் ஒரே வாவியில் எப்படி மோதாமல் போவது? எல்லாரும் ஒரே சுற்றில் போனால்தான் முடியும். வலக்கரையை ஒட்டிச் சுற்றினால் அந்தச் சுற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வரும். அதில் ஒருவர் குறுக்கே போனால் எல்லாருக்கும் ஆபத்து. அந்தத் தண்ணீரில் மிதி படகில் ஏறும் நாமும் இதைத் தெரிந்துவைக்க வேண்டும். அவர் எங்களைப் பார்த்திருப்பார் என்று எண்ணக்கூடாது. பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு குரல் கொடுங்கள்.

களனியின் குணம்

ஏரி வேறு, ஆறு வேறு. களனி கங்கை மலையில் பிறந்து ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடிவந்து கொழும்பின் வடக்கே கடலில் விழுகிறது. விழும் இடத்தின் பெயரே முகத்துவாரம். அங்கே குடியிருப்பவர்கள்கூட அந்தச் சொல்லின் பொருளை நினைப்பதில்லை, ஆற்றின் வாய் என்றுதான் பெயர்.

கொழும்பில் வெயில் எரித்துக்கொண்டிருக்கும்போதே களனி பெருகலாம். நோர்வூட்டிலும் கித்துல்கலையிலும் பெய்த மழை பிந்தித்தான் இங்கே வந்து சேரும். காசல்ரீ, மவுசாகலை, லக்சபான என்று மேலே நீர்த்தேக்கங்கள். "வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளன" என்று வானொலியில் சொன்னால் அது மலையகச் செய்தி மட்டுமல்ல, கீழே படகில் இருப்பவருக்கும் செய்திதான். கொழும்பில் நாகலகம் வீதியில் உள்ள நீர்மட்ட அளவுகோலில் 5 அடி தாண்டினால் சிறு வெள்ளம், 7 அடி தாண்டினால் பெரு வெள்ளம் என்று கணக்கு. உல்லாசப் படகுக்கு அந்த இலக்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறி, மூங்கிலும் மரக்கிளையும் மிதந்து வரத் தொடங்கினாலே அன்றைய பயணம் முடிந்தது.

முகத்துவாரத்தில் வேறொரு ஆபத்து. கொழும்பில் கடல் ஏறி இறங்குவது சுமார் அரை மீற்றர்தான். அதனால் பயமில்லை என்று நினைப்பார்கள். ஆனால் ஆற்றுவாயில் மணல்திட்டு இருக்கிறது, அது இடம் மாறிக்கொண்டும் இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் கடலலை உள்ளே வர, ஆற்று நீர் வெளியே போக, இரண்டும் முட்டும் இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும். அந்த வாயைக் கடப்பது அங்கேயே பிறந்து வளர்ந்த மீனவருக்கான வேலை. உல்லாசப் படகு அதற்கு முன்னேயே திரும்பிவிட வேண்டும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழையைக் கொழும்பில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. திறந்த தண்ணீரில் ஆகவும் உயரமான பொருள் உங்கள் தலைதான். அந்த மாதங்களில் காலையில் போய் மதியத்துக்கு முன் கரையேறுங்கள்.

ஏறுவதற்கு முன்

உயிர்காப்பு அங்கியைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் எந்த அங்கி என்று யாரும் சொல்வதில்லை. உள்ளே ஒரு துணிச்சீட்டில் நியூட்டன் அளவு எழுதியிருக்கும். 50 என்றால் நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும்போது. 100 அல்லது அதற்கு மேல் என்றால்தான் நீந்தத் தெரியாதவருக்கு நம்பிக் கொடுக்கலாம். பிள்ளைக்குப் போட்டுவிட்டுத் தோள்பட்டையில் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறி, பிள்ளை கீழேயே நின்றால் அது தண்ணீரிலும் அப்படியே கழன்று வரும். கால்களுக்கிடையில் மாட்டும் பட்டி அதற்காகத்தான். அங்கியை இருக்கைக்கு அடியில் அடுக்கி வைத்திருப்பதும், படகிலேயே இல்லாததும் விபத்து நேரத்தில் ஒன்றுதான்.

எத்தனை பேர் என்பது அடுத்தது. 2021 நவம்பர் 23 அன்று திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் கவிழ்ந்த, இழுவைப் பாதை எனப்படும் மிதவைப் படகில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் உயிர்களும் போயின. அதை நம்மில் யாரும் மறக்கவில்லை. ஒரு படகு நிறையப் பேரால் மட்டும் கவிழ்வதில்லை. உள்ளவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பதாலும் கவிழும். எழுந்ததும் பாரம் உயர்கிறது, ஒதுங்கியதும் பாரம் சாய்கிறது. முதலையைப் பார் என்று ஒருவர் கத்தினால் எல்லாரும் அந்தப் பக்கம் பாய்வதுதான் முதலையைவிட ஆபத்து.

வேகப்படகில் ஓட்டுபவரின் கையிலோ இடுப்பிலோ சுருள்கயிறு ஒன்று மாட்டியிருக்க வேண்டும். அவர் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். மாட்டாமல் சுக்கானில் தொங்கவிட்டிருந்தால் கேட்டு மாட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். போனை ஒரு நீர்புகாப் பையில் கட்டி வைத்திருங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. யாராவது விழுந்தால் ஒருவர் கையை நீட்டி அவரையே காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வேறு வேலை அவருக்கு இல்லை. தண்ணீரில் ஒரு தலை, கண்ணை எடுத்த மறுகணம் தொலைந்துபோகும்.

அன்று பொல்கொடவில் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. துறை ஆற்றுப் பக்கம் இருந்தது. நேரே போய் ஒட்டிவிடுவார் என்று நினைத்தோம். அவரோ துறையைத் தாண்டிக் கீழே போய், வட்டமடித்து, ஓட்டத்துக்கு எதிராக மூக்கைத் திருப்பிக்கொண்டு வந்தார். எஞ்சினை மெல்ல மெல்லக் குறைத்தார். ஓட்டம் எங்களைப் பின்னுக்குத் தள்ள, எஞ்சின் முன்னுக்குத் தள்ள, இரண்டும் சரிசமமான ஒரு கணத்தில் படகு துறைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. கயிற்றை மகளிடம் கொடுத்தார்.

"பிரேக் இல்லை என்றீர்களே அண்ணை?" என்று கேட்டேன்.

"இது படகிட பிரேக் இல்ல தம்பி, ஆத்திட பிரேக்," என்றார். "கயித்தைக் கட்டுங்க பிள்ள, கெதியா."